ஞாயிறு பத்து மணி

எங்கள் காலேஜில் மில்ட்ரெட் அக்காவை யாரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் ஃபார்ம் பேச்சுதான். எந்தப் பெண்ணுக்கு ஜாதிச் சான்றிதழ் வந்துவிட்டது, எவளுடையதைச் சரிபார்ப்புக் குழுவில் இழுத்தடிக்கிறார்கள், எந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. சோறு தொண்டையில் இறங்குமா? நானே பல நாள் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறேன். புனேயில் அந்த நர்சிங் காலேஜுக்கு நான் லைப்ரரியன். ஒளிவதற்கு எனக்கு இடத்துக்கா பஞ்சம்.

அக்கா மாணவர் பிரிவில் கிளார்க். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மீட்டிங்கில் பிரின்சிபால், "ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கின சீட் வருஷா வருஷம் காலியாவே போகுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். வழக்கம்போல நாங்கள் எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசி நாற்காலியிலிருந்து அக்காதான், "போய்க் கூட்டிட்டு வரலாம்," என்றாள். சில பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் லீவு போட்டுவிட்டு, சிவப்பு பஸ் ஏறி நந்துர்பார் மாவட்டத்துக்குப் போய்விடுவாள். சாத்புடா மலையடிவாரத்தில் ஆதிவாசிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற அரசாங்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரமப் பள்ளி என்பார்கள். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் படிக்கும் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, நர்சிங் என்றால் என்ன, நுழைவுத் தேர்வு எப்போது, என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்லுவாள். ஸ்டேப்ளர், பசை, இங்க் பேட், போட்டோ வெட்டுகிற கத்தரிக்கோல் எல்லாம் ஒரு துணிப்பையில் கூடவே போகும். அங்கே அவளுக்கு 'ஃபார்ம்வாலி பாயி' என்று பெயர். ஃபார்ம் கொண்டுவருகிற அம்மாள். அப்படிப் பத்தொன்பது பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தாள். அதில் எட்டுப் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். விலகல் விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. எட்டுப் பேரும் 'குடும்பக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"குடும்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அனாட்டமிதான் ராஜி. இங்கிலீஷ் வாய்க்குள்ள நுழையல," என்பாள் அக்கா. அவள் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

அக்காவின் அப்பா மரியஜோசப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இங்கே ராணுவக் கிடங்கில் எழுத்தராக இருந்தவர். பிள்ளைகளுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. வாசலைத் தாண்டினால் தமிழ் கூடாது. தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ், கடையில் மராத்தி. யாரும் நம்மை வெளியாள் என்று சொல்லக்கூடாது என்பது அவர் கவலை. ஸ்கூல் வராந்தாவில் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் கூடி நின்றால், அங்கே நிற்காமல் தள்ளிப் போகச் சொல்லி வளர்த்தார். அக்கா அப்படியே வளர்ந்தாள். தம்பி கிளைவ் ஆஸ்திரேலியாவில், போனில் இங்கிலீஷ்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வானவடி ஃப்ளாட்டில் அம்மாவோடு மட்டும் தமிழ் பேசினாள். ஆறு வருஷம் முன்பு அந்த அம்மாவும் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் டி.வி.தான் பேசிக்கொண்டிருந்தது.

என்னிடம் பேசும்போதுகூட, "அரே ராஜி, அந்த ரேக்-கே பீச்சே பாரு, ஒரு ஃபைல் கிடக்கு," என்றுதான் வரும். ரேக்குக்குப் பின்னால் என்று அர்த்தம். தமிழைத் தேடித் தேடி எடுப்பாள். கிடைக்காவிட்டால் ஹிந்தியைப் போட்டு நிரப்பிவிடுவாள். நான் கேலி பண்ணுவேன். "அக்கா, நீங்க பேசறதுக்கு ஒரு டிக்‌ஷனரி வாங்கி லைப்ரரியில வைக்கட்டுமா?" அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

ஹாஸ்டல் அறைப் பட்டியல் தயாரிப்பது அக்காவின் வேலை. அப்பா போட்ட சட்டத்தை அவள் அங்கேயும் கொண்டுவந்துவிட்டாள். ஒரு அறைக்கு ஒரு ஆதிவாசிப் பெண்தான். மற்ற மூன்று பேரும் சாத்தாரா, சாங்லி, புனே என்று ஊர்ப் பிள்ளைகள். ஒரே ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வந்தால் ஒருத்தி முதல் மாடி, ஒருத்தி மூன்றாம் மாடி. மெஸ்ஸில் இரண்டு பேர் ஒதுங்கி உட்கார்ந்து சொந்த பாஷையில் பேசினால், அக்கா பின்னால் போய்த் தோளைத் தட்டுவாள். திட்டமாட்டாள். கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்து, "மராத்தி மே போலோ பேட்டா, நல்லா வரும்," என்பாள். அந்தப் பெண்கள் எழுந்து வேறு வேறு மேஜைக்குப் போய்விடுவார்கள். ஃபார்ம்வாலி பாயி சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குலாபி பாவ்ரா வந்தாள். தட்காவ் பக்கம் மலைக்குள் ஒரு சின்னக் குடியிருப்பு, பாவ்ரா என்கிற ஆதிவாசி இனம். அவர்கள் பேசுவது பாவ்ரி. அதுக்கும் மராத்திக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. மராத்தி அவள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. நுழைவுத் தேர்வில் நல்ல மார்க். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இவ எம்.எஸ்ஸி. வரைக்கும் போவா ராஜி, நீ பாரு," என்று பட்டியலில் அவளுக்கு மூன்றாம் மாடி அறையைப் போட்டாள். இரண்டாம் வருஷத்திலும் மூன்றாம் வருஷத்திலும் பாவ்ரா பெண்கள் வருஷத்துக்கு ஒருத்தி இருந்தார்கள். ஒருத்தி தரைத் தளம், ஒருத்தி முதல் மாடி.

அந்த ஆகஸ்டிலேயே அக்கா புதிதாக ஒன்றையும் ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, ஆதிவாசிப் பெண்களுக்கு மட்டும், ஸ்போக்கன் இங்கிலீஷ். ஒன்பதாவது ஆள் ஓடிவிடக்கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். இடம் என் லைப்ரரி. எனக்கு வந்ததே கோபம். விஷ்ராந்த்வாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கதவு திறக்க வேண்டுமாம். சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவள் ஒரு ஸ்டீல் தட்டை வாசலில் வைத்து எல்லோருடைய போனையும் அணைத்து வாங்கி அதில் அடுக்குவாள். எந்த வேலையையும் அவள் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

ஒரு ஞாயிறு, ஏதோ புத்தகக் கணக்கெடுப்பு என்று நானும் போயிருந்தேன். குலாபியின் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பாள், தட்டைப் பார்ப்பாள். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாகப் போனைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். நம்பரைப் போட்டுவிட்டு, காதில் வைத்து, எடுத்துவிட்டாள். நான் மராத்தியில் கேட்டேன், "யாரு, ஊர்ல ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கானா?" அவள் சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். சரி, விஷயம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

டிசம்பரில் வார்டன் ஒரு புகார் கொண்டுவந்தார். குலாபி குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் குழாய் ஓடுகிறதாம். டாங்கர் தண்ணீர் வாங்குகிற ஊரில் இது அடுக்குமா? அக்கா அவளைக் கூப்பிட்டு, தண்ணீரைப் பற்றி நீளமாகச் சொன்னாள். குலாபி தலையாட்டினாள். அதற்கப்புறம் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. எங்களுக்கெல்லாம் பிரச்சினை தீர்ந்தது.

மார்ச்சில் ஹோலி வந்தது. ஹோலிக்கு அந்த மலைக்காரர்கள் எங்கே இருந்தாலும் ஊருக்குப் போய்விடுவார்கள். பரீட்சையே இருந்தாலும் நிற்கமாட்டார்கள். சீனியர் பெண்கள் இரண்டு பேரும் ஐந்தாம் நாள் திரும்பினார்கள். குலாபி வரவில்லை. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பரீட்சை ஃபார்மில் அவளே கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி. தவறினால் வருஷம் போச்சு, சீட்டும் போச்சு என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அக்கா லைப்ரரிக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ராஜி, என்கூட வா. முட்டி வலிக்குது, தனியா மலை ஏற முடியாது."

"எதுக்குக்கா? கல்யாணம் முடிவாயிருக்கும். அந்தப் பொண்ணு போனையே பாத்துக்கிட்டு இருந்தப்பவே நெனச்சேன்."

"இருந்தா இருக்கட்டும். ஒன்பதாவது ஆயிடக்கூடாது. இவ ஆயிடக்கூடாது."

அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் என்னால் மறுக்க முடியவில்லை. வீட்டில் சுப்ரமணியனிடம், "ரெண்டு நாளைக்கு சாம்பார் வச்சு ஃப்ரிட்ஜில வெச்சிருக்கேன், வேணும்னா சாப்பிடுங்க, வேணாம்னா உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

புதன்கிழமை காலை மலையடிவாரத்தில் ஷஹாதாவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அங்கிருந்து ஜீப்பில் பதினான்கு பேரோடு நசுங்கி மலைமேல். ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா ஒவ்வொரு மேட்டிலும் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் துணிப்பையை மட்டும் என்னிடம் தரவே இல்லை. அதற்குள்தான் பரீட்சை ஃபார்ம் இருந்தது.

குலாபி வீட்டு வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து அவள் அம்மா ரேல்கிபாய் வந்து தண்ணீர் கொடுத்தார். மக்காச்சோள ரொட்டியும் உளுந்துப் பருப்பும் கொடுத்தார். அவருக்கு மராத்தி தெரியாது. எங்களுக்குப் பாவ்ரி தெரியாது.

கை கழுவின உடனே அக்கா ஃபார்மையும் பேனாவையும் எடுத்து வெளியே வைத்தாள். "கையெழுத்துப் போடும்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

குலாபி பேனாவைத் தொடவில்லை.

"அனாட்டமியா? நான் டியூஷன் வெக்கிறேன். யாராவது கேலி பண்ணாங்களா? ஜாதி சொன்னாங்களா? பேர் சொல்லு, நான் பாத்துக்கறேன். வார்டுல பயமா?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். அக்காவுக்குக் கேள்வி தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் ரேல்கிபாய் மகளிடம் ஏதோ சொன்னார். அவள் வேண்டாம் என்பதுபோல் தடுத்தாள். அந்த அம்மாள் கேட்கவில்லை. எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தார், மலைப் பக்கம் காட்டினார், கூட்டிக்கொண்டு நடந்தார். குலாபியும் நானும் பின்னால் போனோம்.

அரை மணி ஏற்றம். அக்கா நாலு தடவை உட்கார்ந்தாள். உச்சியில் ஒரு இலுப்பை மரம், அடியில் ஒரு பாறை. அதில் ரேல்கிபாய் உட்கார்ந்து, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தார். ஒரு பட்டனை அமுக்கி அக்காவிடம் நீட்டினார். அழைத்த நம்பர்களின் பட்டியல். எல்லாம் ஒரே நம்பர், குலாபியுடையது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் பார்த்தாள். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். நான் தோள்வழியாக எட்டிப் பார்த்தேன். பத்து ஐந்து. பத்து பன்னிரண்டு. பத்து இருபது. பத்து நாற்பது. அடுத்த வாரம் மறுபடி பத்து ஐந்து.

"இது எல்லாம் ஞாயித்துக்கெழமை," என்றாள் அக்கா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அப்புறம்தான் குலாபி வாயைத் திறந்தாள். மராத்தியில், மெதுவாக. சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போதுதான் அம்மா போனுக்கு சார்ஜ் போட முடியும். ஞாயிறு காலை மாட்டை மேலே ஓட்டிக்கொண்டு வருவார். இங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும். பத்து மணிக்கு வந்தால் பதினொரு மணிக்கு மாட்டைத் தண்ணீருக்கு இறக்கிவிட வேண்டும். ஆசிரமப் பள்ளியில் இருந்த காலத்திலிருந்தே வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் பேசிக்கொள்வது.

"கிளாஸ் பத்து மணிக்கு," என்றாள் குலாபி.

அக்கா பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரத்த மாத்தியிருப்பேனே?"

"நீங்க லீவு நாள்ல எங்களுக்காக வர்றீங்க மேடம். வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அப்புறம் அவளாகவே மறுபடி சொன்னாள். "ரூம்ல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா என் பாஷை பேச யாரும் இல்ல. மெஸ்ல சீனியர் அக்காங்ககூடப் பேசினா நீங்க எழுப்பிவிடுவீங்க. பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு உள்ள நின்னு பேசுவேன். அம்மாகிட்ட பேசற மாதிரி, தனியா. சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதான் தண்ணி. அப்புறம் தண்ணி வேஸ்ட்னு சொன்னீங்க. அதையும் விட்டுட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காதலன் என்று கேலி பண்ணின வாய் இது. அக்கா அழுதாள். சத்தமில்லாமல் அழுகிற ஆள் இல்லை அவள், தேம்பித் தேம்பி அழுதாள். ரேல்கிபாய் பதறிப்போய் தன் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார்.

"கிளாஸ நிறுத்திடறேன். உங்க மூணு பேரையும் ஒரே ரூம்ல போடறேன். நாளைக்கே போடறேன். வா குலாபி," என்றாள் அக்கா. கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

குலாபி இல்லை என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஷஹாதாவில ரெண்டு வருஷ ஏ.என்.எம். நர்ஸ் படிப்பு இருக்கு மேடம். பெரிய படிப்பு இல்லதான். ஆனா அங்க வார்டுக்கு வர்றவங்க எங்க ஆளுங்க. என் பாஷையில பேசுவாங்க. அங்க சேர்றேன். புனேவுக்கு வரமாட்டேன். அங்க நான் இருக்கேனான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

நாலு வருஷப் பட்டப் படிப்பை விட்டுவிட்டு ரெண்டு வருஷப் படிப்பா என்று எனக்கு வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். அக்கா ஒன்றும் வாதாடவில்லை. பரீட்சை ஃபார்மை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பாறைமேல் வைத்து, குலாபிக்காக விலகல் விண்ணப்பத்தை மராத்தியில் தன் கையாலேயே எழுதினாள். காரணம் என்ற இடம் வந்தபோது குலாபி, "குடும்பக் காரணம்னு எழுதுங்க மேடம்," என்றாள். அக்கா எழுதியது வேறு. 'தாயுடன் பேசக் கிடைத்த ஒரே நேரத்தில் அலுவலகம் வகுப்பு வைத்தது. தன் மொழி பேசுபவர்களிடமிருந்து பிரித்து அறை கொடுத்தது.' படித்துக் காட்டினாள். குலாபி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கிளம்பும்முன் அக்கா அந்த பட்டன் போனை வாங்கி ஏதோ அமுக்கினாள். ரேல்கிபாயின் விரலைப் பிடித்து இரண்டாம் எண்ணின்மேல் வைத்து, "குலாபி," என்றாள். மூன்றின்மேல் வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஏ.என்.எம். ஃபார்மில் ஏதாவது சந்தேகம் வந்தால் கூப்பிடட்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். அந்த நிலையிலும் ஃபார்ம்! சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிரின்சிபால் அந்தக் காரணத்தைப் படித்துவிட்டு, "இது ஃபைல்ல போகும் மேடம், இன்ஸ்பெக்‌ஷன்ல கேப்பாங்க. மாத்தி எழுதி வாங்குங்க," என்றார். அக்கா, "கேக்கட்டும் சார். பட்டியல் போட்டது நான், கிளாஸ் வெச்சதும் நான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வாரமே இரண்டு சீனியர் பெண்களும் ஒரே அறைக்கு மாறினார்கள். ஜூலையில் புதிதாக நாலு பாவ்ரா பெண்கள் வந்தார்கள், நாலு பேருக்கும் ஒரே அறை. ஞாயிறு வகுப்பு நின்றது. சாயங்காலம் அந்த அறையைத் தாண்டிப் போனால் ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருக்கும். அக்கா கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நிற்பாள், பிறகு நடந்துவிடுவாள். அவர்கள் யாரும் இதுவரை போகவில்லை.

அடுத்த மே மாதம் அக்கா ரிட்டையர் ஆனாள். சால்வை, தேங்காய், பூங்கொத்து, குரூப் போட்டோ. பத்தொன்பது வருஷம் கூட வேலை செய்தவள் என்கிற முறையில் நான்தான் பேசினேன். "எங்க போயிடப் போறாங்க, இதோ இருக்கற வானவடி. ஞாயிறு தவறாம நான் போய்ப் பாப்பேன்," என்று மைக்கில் வேறு சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

போகவில்லை. முதல் ஞாயிறு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அடுத்த ஞாயிறு மழை. அப்புறம் டிராஃபிக், அப்புறம் என் பையன் பிரணவுக்குப் பரீட்சை, அப்புறம் ஒரு காரணமும் இல்லை. எட்டு மாதம் ஓடிவிட்டது. அவளும் போன் பண்ணவில்லை. நான் பண்ணியிருக்கலாம்.

ஜனவரியில் லைப்ரரிக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தது. மராத்தி இங்கிலீஷ் மருத்துவ அகராதி. ரிஜிஸ்டரில் அக்கா பெயர். ஞாயிறு வகுப்புக்கு எடுத்தது. அதை வாங்கத்தான் ஒரு ஞாயிறு காலை வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், புத்தகத்துக்காகப் போனேன், மனுஷிக்காகப் போகவில்லை.

கதவு திறந்தவள் தலைசீவிப் பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டியிருந்தாள். சர்ச்சுக்குக் கிளம்புகிறாளோ என்று நினைத்தேன். "அரே ராஜி! வா வா, பைட், உக்காரு," என்றாள். சந்தோஷம்தான், ஆனால் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. பத்தேகால். அகராதியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தூசு இல்லாமல், அட்டை போட்டு வைத்திருந்தாள். டீ போடுகிறேன் என்றவள் போடவில்லை. பால்கனி ஓரத்து நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்து இருபதுக்குப் போன் அடித்தது. அவள் எடுத்ததும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் உரத்த குரல் எனக்கே கேட்டது. மலைக் காற்றுக்கு மேலே கத்திப் பேசுகிற குரல். பாவ்ரி. ரேல்கிபாய்.

அக்கா பேச ஆரம்பித்தாள். நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாட்டி, சொல்லு. முட்டு இப்பம் கொஞ்சம் பரவால்ல, ராத்திரி மட்டும் குடையுது. நேத்து சாள மீனு வாங்கப் போனேன். ஒத்த ஆளுக்கு நாலு துண்டு போதும்னா, அந்தப் பய அரைக் கிலோவுக்குக் கொறஞ்சு தரமாட்டேங்கான். வாங்கி என்ன செய்ய? பாதியைப் பூனைக்கு வச்சேன். இல்லட்டி, கிளைவ் கிறிஸ்துமஸுக்கும் வரல. டிக்கெட் கெடைக்கலங்கான். வராட்டா போட்டும். எங்க அம்மை நெனப்புத்தான் எந்நேரமும். அவ இருந்தா இப்பம் சண்டையாவது போட்டுக்கிட்டு இருப்போம்…"

ஒரு ஹிந்தி வார்த்தை இல்லை. எங்கும் தட்டித் தடுமாறவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத பாளையங்கோட்டைத் தமிழ். இவள் நிறுத்தினால் அந்த அம்மாள் பேசினார். அந்த அம்மாள் நிறுத்தினால் இவள் பேசினாள். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அரை மணிக்கு மேல் இருக்கும், லைன் போய்விட்டது.

"மாடு இறங்கியிருக்கும்," என்றாள் அக்கா, போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே.

"குலாபி எப்படி இருக்கா?"

"ஷஹாதாவில படிக்கிறா. ஹாஸ்டல். பத்து மணிக்கு அவகிட்டப் பேசிட்டு, அப்புறம் மூணாம் நம்பர அமுக்குதா. மலை ஏறியாச்சு, இவளையும் ஒரு வார்த்தை கேப்போம்னு நெனக்கிறா போல. ஒரு வாரமும் தப்பினதில்ல."

"அவங்க இப்ப என்ன சொன்னாங்க?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு அவ பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. எதுல பேசினா என்ன? அதான் எனக்கு வாய்க்கு வர்றதுல பேசுதேன்."

எனக்கு ரோஷம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். முட்டி வலியும் மீனும் அம்மா நினைப்பும், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கும், ஒரு எழுத்தும் புரியாத ஒருத்திக்கா?

"இதையெல்லாம் எங்கிட்டப் பேசியிருக்கலாமேக்கா. எனக்குத் தமிழ் தெரியுமே."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குலாபி அன்றைக்குப் பேசின மாதிரியே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"உனக்கு எல்லாம் தெரியும் ராஜி. நீ வரல்லியே."